பீன்ஸ் மேடத்தின் போணி

என் போனில் விஜயநகர்ப் பெண்கள் யாருக்கும் பெயர் கிடையாது. ‘போட் நெக் மேடம்’, ‘பஃப் கை ஆன்ட்டி’, ‘லைனிங் வேண்டாம் அக்கா’ என்றுதான் இருப்பார்கள். மைசூர் விஜயநகரில் வாடகை வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு ஆறு வருடம் ரவிக்கை தைத்தவளுக்கு ஆளைவிட அளவுதான் ஞாபகம் இருக்கும். அந்த எண்கள் ஒருநாள் எங்களுக்குச் சோறு போடும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஊரடங்கு வந்ததும் தையல் நின்றது. கல்யாணமே நடக்காதபோது யாருக்கு ரவிக்கை வேண்டும்? என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் முதலில் பாதிச் சம்பளம் என்றார்கள், பிறகு ‘கூப்பிடும்போது வாங்க’ என்றார்கள். கூப்பிடவே இல்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு அவருடைய ஊரான மார்டள்ளிக்குப் போனோம். ஹனூரைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். மாமனார் போன பிறகு மாமியார் தனியாகவே மூன்று ஏக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மைசூரில் பிறந்து கன்னடத்தில் படித்தவள், கொத்தனார் மகள். மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்று அத்தையிடம் கேட்டேன். அதை அவர் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வருடம் தக்காளி நன்றாக விளைந்திருந்தது, அதுதான் கொடுமை. சந்தை கிடையாது, வியாபாரி போனை எடுப்பதில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் தன் தக்காளியை டிராக்டரில் ஏற்றிப்போய் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார். இரண்டாம் நாள் மாடுகள்கூட அதை முகர்ந்து பார்க்கவில்லை. அதே வாரம் போட் நெக் மேடம் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்திருந்தார். காய்கறிக் கடை முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக ஜனங்கள் நிற்கிறார்கள். ‘ஒரு மணி நேரம் நின்று வாடின பீன்ஸ் வாங்கினேன்’ என்று கீழே எழுதியிருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இங்கே கொட்டுகிறோம், அங்கே வரிசையில் நிற்கிறார்கள், நடுவில் நான் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கே என்னிடமிருந்த அறுபது எண்களையும் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தேன். திங்களும் வியாழனும் காலை ஆறு மணியிலிருந்து ஆர்டர். சொன்ன காயை அன்றே பறித்து, மறுநாள் விடிந்ததும் வண்டி கிளம்பும். ஊரில் ஒருவரிடம் குட்டி யானை வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது. காய்கறிக்கு அனுமதி இருந்ததால் வாடகைக்குப் பேசினோம். கேட்டில் பையை மாட்டிவிட்டு மணியடித்துவிட்டு வர வேண்டியது, காசு போனில் வந்துவிடும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துக்கு அது பெரிய வசதியாக இருந்தது.

ஆனால் மைசூருக்கு நாலு மணி நேர ஓட்டம். வண்டி நிறைந்தால்தான் கட்டுபடியாகும். முதல் மூன்று நடையும் பாதி வண்டிதான் போனது. என் கணவர் வண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“இன்னும் ரெண்டு நடை பாப்பம். நெறையலைன்னா, ஊரடங்கு விட்டதும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிர்றேன்.”

என் அப்பா அப்படிப் போனவர்தான். மாதத்துக்கு ஒருமுறை சிமெண்ட் வாசத்தோடு வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவார். அவர் முகத்தைவிட அவர் பையைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். கட்டிக்கொண்டவரையும் அப்படி மாதம் ஒருமுறை பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், அதற்கு வண்டி நிறைய வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரே கவலைதான்.

அத்தை வேறு கணக்கில் இருந்தார். இருபது வருடம் ஹனூர்ச் சந்தையில் கடை போட்டவர் அவர்.

“ஏம்புள்ள, போணி யாரு பண்றாங்க?”

“வாட்ஸ்அப்புல ஏதுங்கத்தை போணி? யாரு மொதல்ல மெசேஜ் போடறாங்களோ அவங்கதான்.”

“அப்புடி வுடப்படாது. மொதோ கை நல்ல கையா இருக்கோணும். இதுவரைக்கும் யாரு போட்டது?”

எடுத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒரே ஆள். ஒவ்வொரு தடவையும் விலையைக் குறைக்கச் சொல்லி, கடைசியில் பாதியை வேண்டாம் என்றவர். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். “அப்பறம் எப்புடி நெறையும்?” என்றார். நான் சிரித்தேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தையல்காரியான என் அம்மாவும் முதல் துணியை யாரிடம் வாங்குவது என்று பார்ப்பவள்தான்.

அடுத்த வியாழக்கிழமை, ஆறு மணி அடித்தவுடன் ஒரு புது எண்ணிலிருந்து செய்தி வந்தது. யாரோ லிங்க் அனுப்பிச் சேர்ந்தவர். முகப்புப் படத்தில் ஒரு செம்பருத்திப் பூ. ‘½ கிலோ பீன்ஸ்’, அவ்வளவுதான். விலை கேட்கவில்லை, பிஞ்சா முற்றலா என்று கேட்கவில்லை. அதற்குப் பின்னால் திறந்துவிட்ட மாதிரி ஆர்டர் வந்தது. ஒன்பது மணிக்கு வண்டி கொள்ளாத அளவுக்கு ஆகிவிட்டது. கத்தரிக்காய் போதாமல் பக்கத்துக் காட்டில் வாங்கிப் போட்டோம். அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “கைராசி.” அன்றே அந்த எண்ணை ‘பீன்ஸ் மேடம்’ என்று பதிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. குழுவில் அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று பூட்டும் வசதி இருக்கிறதல்லவா? அதைப் போட்டுப் பூட்டினேன். பூட்டிவிட்டு, முகம் தெரியாத அந்த மேடத்தை அட்மின் ஆக்கினேன். ஆறு மணிக்கு அவர் ஆர்டர் போட வேண்டும். நான் ‘போணி ஆய்த்து’ என்று கன்னடத்தில் போட்டு, பூட்டைத் திறப்பேன். அதுவரை நூற்றுச் சொச்சம் பேர் காத்திருக்க வேண்டும். எந்த வியாபாரியும் வருகிற ஆர்டரைக் கதவைச் சாத்தி நிறுத்த மாட்டான், நாங்கள் நிறுத்தினோம்.

மேடம் பதறிப்போய் எழுதினார்: எனக்கு எதற்கு அட்மின், எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் குரல் செய்தியில் விளக்கினேன். உங்கள் கை ராசியான கை, உங்கள் கையால் போணி ஆனால்தான் எங்கள் வண்டி நிறைகிறது, என் மாமியாரே சொல்லிவிட்டார் என்றேன். இரண்டு நீல டிக்கும் விழுந்துவிட்டன, பதில் மட்டும் இல்லை. அரை மணி நேரம் கழித்து ‘ஆகட்டும்’ என்று ஒரு வார்த்தை வந்தது.

நான் கன்னடத்தில் பேசினாலும் நடுநடுவே தமிழ் எட்டிப் பார்த்திருக்கிறது. அடுத்த முறை மேடமும் குரல் செய்தி அனுப்பினார், தமிழில். “எங்க ஆத்துலயும் தமிழ்தான். ஆனா இது பழைய தமிழ், நீங்க சிரிக்கப்படாது” என்றார். மேல்கோட்டைப் பக்கம் வேர் உள்ள குடும்பமாம், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். அதன் பிறகு திங்கள் வியாழன் தவறாமல் எழுதினார். சில நாள் கூடவே ஒரு வரி இருக்கும். ‘குளித்து, கோலம் போட்டு, பெருமாளைச் சேவித்துவிட்டு அனுப்புகிறேன்.’ அத்தைக்கு அதைப் படித்துக் காட்டுவேன். “பாத்தியா, எவ்வளவு அக்கறை அவியளுக்கு” என்பார்.

ஒரு திங்கட்கிழமை எட்டரை ஆகியும் மேடத்திடமிருந்து ஒன்றும் வரவில்லை. மற்றவர்கள் தனியாக எனக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள், ஏன் குரூப் திறக்கவில்லை என்று. ‘நெட்வொர்க் பிராப்ளம் மேடம்’ என்று கூசாமல் பதில் போட்டேன். என் கணவர் கூடையைத் தூக்கி வைத்துவிட்டு, “வெயில் ஏறுது, நீ ஒரு கைய பாத்துட்டு ஒக்காந்திருக்கே” என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். எட்டே முக்காலுக்குச் செய்தி வந்தது. கரண்ட் இல்லாமல் போன் அணைந்துவிட்டதாம். மன்னிப்புக் கேட்டு மூன்று வரி, அப்புறம் அரை கிலோ பீன்ஸ். அன்றும் வண்டி நிறைந்தது.

இப்படி எட்டு மாதம் ஓடியது. பெங்களூர்ப் பேச்சே வீட்டில் இல்லை.

பிறகு காலம் மாறியது. கடைகள் திறந்தன. போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் கறிவேப்பிலை கொண்டுவந்து தருகிற பையன்கள் விஜயநகரில் சுற்ற ஆரம்பித்தார்கள். எங்கள் வண்டி முக்கால் ஆனது, அப்புறம் அதற்கும் கீழே. பெங்களூரிலிருந்து கட்டட மேஸ்திரி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். என் கணவர் ஒவ்வொரு தடவையும் வெளியே போய்ப் பேசினார். எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாராம். எங்கள் வீட்டில் வெளியே பேசினால்தான் நன்றாகக் கேட்கும்.

வாங்குபவர்களை நேரில் பார்த்துப் பேசினால் என்ன குறை என்று தெரியும் என்று ஒரு வெள்ளிக்கிழமை நானும் வண்டியில் ஏறினேன். போட் நெக் மேடம் முதல் எல்லோரையும் பார்த்தேன். எல்லோரும் நன்றாகப் பேசினார்கள், எல்லோர் வீட்டு மேஜையிலும் வேறு கடைப் பை இருந்தது. கடைசியாகப் பீன்ஸ் மேடத்தின் வீடு. எட்டு மாதத்துக்கும் மேலாக என் கணவர் கேட்டில் பையை மாட்டிவிட்டு வந்த வீடு. மணியடித்ததும் உள்ளேயிருந்து “வெச்சுட்டுப் போங்கோ” என்று குரல் வந்தது. நான் யார் என்று சொன்னேன். கதவு திறந்தது.

அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி, வெளிர்நீலப் பருத்திப் புடவை, நெற்றியில் சின்னக் கறுப்புப் பொட்டு. உட்காரச் சொல்லி, காபி போட்டுக் கொடுத்தார். நான் வாயைத் திறந்தால் மூட மாட்டேன். வண்டியைப் பற்றி, அத்தையைப் பற்றி, அவர் கையைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார், சிரித்தார். நான் எழுந்திருக்கப் பார்த்தபோது உள்ளே போய் ஒரு தட்டு கொண்டுவந்தார். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ரவிக்கைத் துணி, இரண்டு சின்னக் கிண்ணத்தில் மஞ்சளும் குங்குமமும். மைசூரில் வீட்டுக்கு வந்த சுமங்கலியை அது கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். நான் நெற்றியைக் காட்டத் தயாரானேன்.

அவர் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிட்டார். “சித்த கீழ வரேளா? ஒரு அரிசின-குங்குமம் கொடுக்கணும்.”

மாடியில் குடியிருக்கிற பெண் இறங்கி வந்தாள். அவள் எனக்குக் குங்குமம் கொடுத்து, தட்டை நீட்டி, சிரித்துவிட்டு மேலே போனாள். மேடம் மூன்றடி தள்ளிச் சுவரோரம் நின்றிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கணவர் இல்லாதவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர் போணிக்கு வந்து நின்றால் வியாபாரிகள் காயை அடுக்குகிற மாதிரி நேரத்தைக் கடத்தி, வேறு யாராவது வரட்டும் என்று பார்ப்பார்கள். நானே பார்த்திருக்கிறேன், தப்பு என்று தோன்றியதில்லை. அந்த நிமிடம் என் மனதில் ஓடியதை மறைக்க மாட்டேன். ‘அதனால்தான் வண்டி நிறைய மாட்டேன் என்கிறதா?’ என்று நினைத்தேன். எட்டு மாதம் அதே கையால் நிறைந்த வண்டியைச் சுத்தமாக மறந்துபோனேன். மாஸ்க் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். காபிக்காகக் கழற்றியிருந்தேன். மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“இன்னும் கொஞ்சம் காபி இருக்கு, ஆறிடறது” என்றார். குடித்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

வண்டியில் என் கணவரிடம் சொன்னேன். “அதுக்கு இப்ப என்ன?” என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தையும் கணவரை இழந்தவர்தானே, வேறு மாதிரி ஏதாவது சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“தெரியாத வரைக்கும் செரி. தெரிஞ்சதுக்கப்பறம் எப்புடிப் புள்ள? வேற கைய பாத்துக்க.”

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதைப்போலச் சொன்னார். போனை எடுத்து, பீன்ஸ் மேடத்தின் எண்ணை அழுத்தி, அட்மின் பதவியிலிருந்து எடுத்தேன். ரவிக்கையில் ஒரு ஊக்கைப் பிரிக்க இதைவிட நேரமாகும். ‘நீங்கள் இனி அட்மின் இல்லை’ என்று அவர் போனில் காட்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

திங்கட்கிழமை வேறொருவரை முதலில் போடச் சொன்னேன். வங்கியில் வேலை பார்ப்பவர், கணவர் உண்டு, இரண்டு பிள்ளைகள், அத்தைக்குத் திருப்தி. வண்டி முக்கால்கூட வரவில்லை. வியாழக்கிழமையும் அவரே போணி, அன்று அரை வண்டி. பீன்ஸ் மேடம் இரண்டு நாளும் ஆர்டர் போடவில்லை. குழுவை விட்டுப் போகவும் இல்லை. நான் போடுகிற ஒவ்வொரு செய்தியையும் பார்த்தவர்கள் பட்டியலில் செம்பருத்திப் பூ இருந்தது.

மேஸ்திரி வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். அடுத்த வாரத்துக்குள் பதில் வேண்டும் என்றார். எனக்கு அதுவும் உறைத்தது, செம்பருத்திப் பூவும் உறைத்தது. இரண்டில் எது என்னை அதிகம் குத்தியது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மேடத்தைக் கூப்பிட்டேன். மன்னிச்சுக்குங்க என்று ஆரம்பிப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

“நான் ஒண்ணும் தப்பா நெனைச்சுக்கலை. தப்பு என்னோடதுதான். கைராசின்னு நீங்க சொன்ன அன்னிக்கே சொல்லியிருக்கணும். போனைக் கையில வெச்சுண்டு அரை மணி யோசிச்சேன். சொல்லலை. ஆசையா இருந்தது.”

அவரே தொடர்ந்தார்.

“கல்யாணம், காட்சி எதுன்னாலும் பின்னாடி நிக்கறது எனக்கு வழக்கம்தான், அதுல வருத்தமில்லை. ஆனா திங்கட்கிழமைன்னா அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துடும். நான் சொன்னாத்தான் நூறு பேருக்குக் கதவு திறக்கும்னு. வயசான காலத்துல ஒரு பைத்தியம்.”

“மேடம், திங்கட்கிழமை ஆறு மணிக்கு உங்க மெசேஜுக்காகக் காத்திருப்பேன். வரலைன்னா நான் குரூப்பைத் திறக்க மாட்டேன்.”

“நன்னா இருக்கே! காயெல்லாம் வீணாப் போயிடும். அப்படியெல்லாம் பண்ணாதீங்கோ.”

“போனாப் போகட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டேன். என் கோபம் அப்படிப்பட்டது. யார்மேல் வந்தாலும் கடைசியில் காய்மேல்தான் விழும்.

கைராசியில் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், தெரியவில்லை. ஆனால் ஒருவருக்கு ஓர் இடத்தைக் கொடுத்ததும் நான், பிடுங்கியதும் நான். அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரைத் திரும்ப அட்மின் ஆக்கினேன். அத்தை பார்த்துவிட்டு, “மறுபடியுமா?” என்றார்.

“எட்டு மாசம் அந்தக் கையால வந்த சோத்தத்தான் தின்னோம் அத்தை. அப்ப இனிச்சுது” என்றேன். அப்படி நான் அவரிடம் பேசியதே இல்லை. அவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஆறு மணி. ஒன்றுமில்லை. ஆறரை, ஏழு. தனிச் செய்திகள் வர ஆரம்பித்தன. இருக்கிற நாலு பேரும் போய்விடுவார்கள் என்று பயமாக இருந்தது. என் கணவர் கத்தவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. “இந்த நடையும் பாத்துட்டு மேஸ்திரிக்குச் சொல்லிர்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடைகளைக் காட்டுக்கு எடுத்துப் போனார்.

ஏழு இருபதுக்குக் குழுவில் ஒரு செய்தி விழுந்தது, கன்னடத்தில். இப்படி எழுதியிருந்தார்:

‘எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் முதல் ஆர்டரை என் கையால் போடச் சொல்கிறார்கள். என் கணவர் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. இதுவரை சொல்லாதது என் தவறு. மனதுக்கு ஒப்பாதவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் முதலில் போடட்டும், நான் பின்னால் போட்டுக்கொள்கிறேன். எல்லோருக்கும் ஒப்பும் என்றால், அரை கிலோ பீன்ஸ்.’

குழு பூட்டியிருந்ததால் யாரும் பதில் எழுத முடியாது. நான் திறந்தால்தான் உண்டு.

பிறகு என்ன ஆனது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் அன்று குழுவை விட்டுப் போனார்கள். வண்டி அன்றும் முக்கால்தான். ஆனால் என் கணவர் அன்று மேஸ்திரியைக் கூப்பிட்டு, தான் வரவில்லை என்று சொன்னார். வாரத்துக்கு இரண்டு முக்கால் வண்டி எதற்கு, ஒரே முழு வண்டியாக விடுவோம், மிச்சத்தை ஹனூரிலேயே விற்போம் என்றார். இதை ஏன் முன்பே யோசிக்கவில்லை என்று கேட்டேன். கையைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, வண்டியை யார் பார்த்தார்கள் என்றார். இப்போது வாரம் ஒரு நடை போகிறது, நிறைந்துதான் போகிறது.

ஆனால் ஏழு இருபதுக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. செய்தியை அத்தைக்குத் தமிழில் சொன்னேன். அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். “இன்னொருக்கா படி” என்றார். படித்தேன். அவர் ஒரு சின்னக் கூடையை எடுத்துக்கொண்டு பீன்ஸ் பாத்திக்குப் போனார். பிஞ்சாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு வந்து, தராசுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

நான் வழக்கம்போல எழுந்து தராசுப் பக்கம் போனேன். ஒவ்வொரு ஆர்டர் நாளிலும் முதல் எடையை அவர் என்னைத்தான் போடச் சொல்வார். “புள்ள, மொதோ எடைய நீ போடு” என்று கூப்பிடுவார். தராசில் வரும் எண்கள் அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை போலும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று நான் கை நீட்டியபோது என் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டார்.

“ஒங்க மாமன் போனதுலேர்ந்து சந்தையில மொதோ எடைய நான் போட்டதில்ல. பக்கத்துக் கடைக்காரிய கூப்புட்டுப் போடச் சொல்லுவேன். யாரும் என்னையப் போடாதேன்னு சொல்லல. நானாத்தான்.”

பீன்ஸைத் தன் கையால் அள்ளித் தட்டில் வைத்தார். அரை கிலோவுக்கு மேலேயே காட்டியது. இன்னும் ஒரு கைப்பிடி வைத்துவிட்டு, பையில் கொட்டி முடிச்சுப் போட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன புள்ள பாத்துட்டு நிக்கிற? போணி ஆயிடுச்சுன்னு போட்டு வுடு.”